காத்தமுத்துவின் இங்கிலீஷை நான் திருத்தியது

1970ஆம் ஆண்டு நவம்பர் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. மூன்று நாள் அடைமழை அப்போதுதான் விட்டிருந்தது. வானம் இன்னும் வெளுக்கவில்லை. அலுவலகத்துக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகியது. அதில் ஒரு சொட்டு என் தட்டச்சு இயந்திரத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்துகொண்டிருந்தது. தாள் நனைந்துவிடுமே என்று நான் மேசையை இரண்டு தடவை நகர்த்தினேன். அந்தக் கவலையில் பாதியை அன்று வேறொன்றுக்கு வைத்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

சுருக்கெழுத்துத் தேர்வில் தேறி, கோர்ட்டுகளிலும் ரெவின்யூ ஆபீசுகளிலும் இந்த வருடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். வேகத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் கிடையாது. உங்கள் கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்தில் அடிப்பதை நான் ரிப்பனோடு மல்லாடி ஒரு மணி நேரம் அடித்தேன். ஒருவர் சொன்னதை நாம் எழுதும்போது அது யாருடையதாக ஆகிறது என்ற விஷயம் மட்டும் கம்ப்யூட்டர் வந்தும் மாறவில்லை. அதைப் பற்றித்தான் இது.

பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் ஓர் ஊர். குத்தகைத் தகராறுகளை விசாரிக்கிற அலுவலகம். பெயர் வேண்டாம், அங்கே இருந்தவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் இன்னும் அதே தெருக்களில் இருக்கிறார்கள். புது ஆட்சி வந்து நான்காவது வருடம். கட்டடத்தின் நெற்றியில் ‘தமிழ் வாழ்க’ என்று பலகை வைத்திருந்தார்கள். பலகைக்குக் கீழே நுழைந்து உள்ளே வந்தால் சாட்சியம் இங்கிலீஷில் பதிவாகும். சாட்சி தமிழில் சொல்வார், அதிகாரி அதை இங்கிலீஷாக்கிச் சொல்வார், நான் அடிப்பேன். பாதி நாள் அதிகாரிக்குச் சொல்லவும் பொறுமை இருக்காது. தலையை ஆட்டுவார், நானே ஆக்கிக்கொள்வேன். கிராமங்களில் கூலிக்கும் குத்தகைக்கும் அடிதடி. அறுவடைக்குப் போலீஸ் லாரி நிற்கும். ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு வழக்கு. பன்னிரண்டு வந்த நாளும் உண்டு. மண்டை காய்ந்துவிடும்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் எங்கள் சிரஸ்தார், ஆபீசின் தலைமை எழுத்தர். முப்பது வருட சர்வீஸ். இங்கிலீஷில் ஒரு கமாவைக்கூடச் சும்மா விடமாட்டார். முதல் வாரமே சொன்னார்: “அவன் பேசுறது சேறு. நீ அடிக்கிறது செங்கல்லா இருக்கணும். அப்பதான் மேல இருக்கறவன் அதை அடுக்கி ஒரு தீர்ப்பு கட்டுவான்.” எனக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. மூன்று வருடத்தில் என் செங்கலைப் பற்றி ஜில்லாவிலேயே பேச்சு. மேலதிகாரி ஒருவர், “இந்த ஆபீஸ் ரெக்கார்டை மட்டும் கண்ணாடி இல்லாமல் படிக்கலாம்” என்றாராம். அதைச் சிரஸ்தார் என்னிடம் நான்கு தடவை சொன்னார். நான் வீட்டில் அதற்கு மேலும் சொல்லியிருப்பேன்.

அன்றைய மூன்றாவது வழக்கு காத்தமுத்துவினுடையது. ஐம்பதைத் தொட்ட ஆள். குட்டை, கனத்த கை. சின்ன வயதில் பண்ணையிலிருந்து ஓடி நாகப்பட்டினத்தில் கப்பலேறி, சிங்கப்பூர்த் துறைமுகத்தில் பதினெட்டு வருடம் வெள்ளைக்கார மாலுமிகளோடு மூட்டையும் சங்கிலியும் இழுத்தவன். சேர்த்த காசு தங்கையின் கல்யாணத்தில் போனது. திரும்பி வந்து, முன்னே எந்தப் பண்ணையிலிருந்து ஓடினானோ அதே மிராசுதாரின் நிலத்தில் நின்றான். ஏழு மா நிலம். கிட்டத்தட்ட இரண்டேகால் ஏக்கர். நான்கு வருடமாகத் தன் குத்தகையில் உழுவதாக அவன் சொன்னான். அவன் என் பண்ணையாள், கூலிக்கு உழுகிறவன் என்று மிராசுதார் எழுதிக் கொடுத்திருந்தார். குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவு செய்யச் சொல்லி அரசாங்கம் ஆணை போட்டபின் ஊருக்கு ஊர் வந்த தகராறுதான். காத்தமுத்துவிடம் ஒரு ரசீதும் கிடையாது. தோற்றால் வயலில் நின்ற சம்பாவும் போகும், நிலமும் போகும்.

கூப்பிடுவதற்கு முன் வராந்தாவில் என்னிடம் தீப்பெட்டி கேட்டு வந்தான்.

“சார், நான் இங்கிலீஷ்லயே சொல்லிடறேன். விடுவாங்களா?”

“எதுக்கு? தமிழ்ல சொல்லேன். நாங்க இங்கிலீஷ் ஆக்கிக்கிறோம்.”

“தமிழ்ல பேசுனா அந்தாள் மூஞ்சியப் பாத்ததும் என் வாயி தானா ‘ஆண்டே’ங்குது சார். எங்கப்பன் சொல்லிச் சொல்லி நாக்குல ஏறிப்போச்சு. ஆண்டேன்னு ஒரு தடவ சொல்லிட்டா நான் பண்ணையாள்தான்னு முடிஞ்சிரும். இங்கிலீஷ்ல அந்தத் தொல்ல இல்ல. கேப்டனும் யூதான், குக்கும் யூதான்.”

கூண்டில் ஏறியதும் அதே பேச்சு. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். “தமிழ்லயே சொல்லுய்யா.”

“நோ சார். ஐ டாக் இங்கிலீஷ். எழுதறது இங்கிலீஷ்லதானே? நடுவுல எதுக்கு சார் இன்னொரு ஆளு?”

எல்லோரும் சிரித்தார்கள். மிராசுதாரின் வக்கீல் எழுந்து, “அது கப்பல் இங்கிலீஷ் சார், புரியாது” என்றார்.

“இங்கிலீஷ்காரனே கப்பல்லதான் சார் வந்தான்,” என்றான் காத்தமுத்து.

அதிகாரியும் சிரித்துவிட்டார். அவனுக்காக ஆஜரானவர் விவசாயத் தொழிலாளர் சங்கம் ஏற்பாடு செய்த வக்கீல், வயதானவர், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் கேட்டார்: நிலம் உனக்கு எப்படி வந்தது?

காத்தமுத்து சொன்னதை உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். மிராசுதார் திருச்சியில் காலேஜ் படித்தவர், வேடிக்கைப் பிரியர். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் களத்துக்கு ஆளனுப்பி இவனைக் கூப்பிட்டு, “ஜானி, பேசுடா” என்பார். இவன் மாலுமி மாதிரி இங்கிலீஷ் பேசுவான். அவரும் அதே மாதிரி, மூக்கால், வாயைக் கோணிக்கொண்டு பதில் சொல்வார். விருந்தாளிகள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். நான்கு வருடத்துக்கு முன் சித்திரையில், நல்லேர் பூட்டும் நாளில், சம்பந்தி வீட்டார் மெட்ராசிலிருந்து வந்து வரப்பில் நிற்கும்போது அந்த நாடகம் நடந்தது. அன்று மிராசுதார் சொன்னதை அவர் குரலிலேயே, கூண்டுச் சட்டத்தில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, காத்தமுத்து நடித்துக் காட்டினான்.

“ஹி ஸேஸ், ‘ஜானி! தெம் செவன் மா இஸ் யுவர்ஸ் நவ். யூ ப்ளோ, யூ ஈட். கிம்மி மை ஃபார்ட்டி கலம், அண்ட் ஐ எய்ன்ட் கோன்னா ஆஸ்க் யூ நத்திங்.’”

ஏழு மாவும் இனி உன்னது. நீ உழு, நீ தின்னு. என் நாற்பது கலத்தைக் கொடுத்துவிடு, வேறொன்றும் கேட்கமாட்டேன். இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் எழுதினால் வாத்தியார் ஆறு இடத்தில் சிவப்பு மை போடுவார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த வரப்பும், மூக்கால் பேசுகிற அந்தப் பெரிய மனிதரும் கண்ணில் தெரிந்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மிராசுதாரின் உதடு துடித்ததை நான் பார்த்தேன். சிரிப்பை அடக்கினார்.

அதிகாரி என் பக்கம் தலையை ஆட்டினார். நான் செங்கல் அறுத்தேன். மேற்படி ஏழு மா நிலத்தையும் ஆண்டொன்றுக்கு நாற்பது கலம் நெல்லுக்கு எனக்கு வாய்மொழியாகக் குத்தகைக்கு விடுவதாக எதிர்மனுதாரர் என்னிடம் அறிவித்தார் என்று, அப்பழுக்கில்லாத இங்கிலீஷில். வரப்பு இல்லை, ஜானி இல்லை, கிம்மி இல்லை. அடித்து முடித்ததும் எனக்குப் பெருமையாகவே இருந்தது. அந்தச் சேற்றிலிருந்து இப்படி ஒரு வாக்கியம்!

படித்துக் காட்டியபோது காத்தமுத்து முகத்தைச் சுளித்தான். “திஸ் எய்ன்ட் மை டாக், மிஸ்டர். அந்தாள் இப்படியும் சொல்லல.”

சிரஸ்தார் பேனாவை நீட்டினார். “அர்த்தம் ஒண்ணுதான்யா. உன்னைப் படிச்சவன் மாதிரி ஆக்கியிருக்கு இந்தத் தம்பி. கையெழுத்தப் போடு.”

அவன் என்னைப் பார்த்தான். நானும் அதையேதான் தலையசைத்துச் சொன்னேன். போட்டான்.

அடுத்த வாய்தா தை மாதம், பொங்கல் கழிந்து. மிராசுதார் கூண்டில் ஏறினார். அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வெளியே எத்தனை கெடுபிடி செய்தாலும் சத்தியம் வாங்கிக்கொண்டு பொய் சொல்லமாட்டார் என்று ஊரில் பெயர். கோயில் தர்மகர்த்தா. பங்காளி வழக்கில் கூண்டில் உண்மையைச் சொல்லி ஒரு தோப்பையே இழந்தவர். அதனால்தான் சங்கத்து வக்கீல், ரசீது இல்லாவிட்டாலும் கவலையில்லை, அவர் வாயாலேயே வரவழைக்கிறேன் என்று காத்தமுத்துவிடம் சொல்லியிருந்தார். அன்றைக்குப் பார்த்து அந்த வக்கீலுக்கு நிமோனியா. ஜூனியர் ஒருவர் வந்தார், மீசை அரும்பின பையன். முதல் விசாரணைக்கு அவர் வரவில்லை. அவர் கையில் இருந்தது நான் அடித்த தாள் மட்டும்.

அவர் அதை நிறுத்தி நிதானமாகப் படித்தார். என் வாக்கியம் ரொம்ப நன்றாகத்தான் ஒலித்தது.

“இப்படி நீங்கள் மனுதாரரிடம் சொன்னது உண்டா இல்லையா?”

மிராசுதார் ஒரு விநாடி யோசித்தார். கூரையைப் பார்த்தார். பிறகு தெளிவாகச் சொன்னார்: “இல்லை. இந்த மாதிரி ஒரு வார்த்தை என் வாயிலேருந்து வந்ததே கிடையாது.”

“ஹி நெவர் டாக் லைக் தட் சார்!” காத்தமுத்து பின்னாலிருந்து கத்தினான். “இவரு கேக்கறது வேற சார்! ஆஸ்க் ஹிம் வாட் ஐ ஸெட்!”

“உக்காரு,” என்றார் அதிகாரி. “இன்னொரு தடவ வாயத் தொறந்தா வெளியில அனுப்பிடுவேன்.”

அவன் உட்காரவில்லை. நேரே என்னைப் பார்த்தான். அந்த அறையில் அவன் சொன்னதைத் தாளில் ஏறுவதற்கு முன்னால் கேட்டவர்கள், அதிகாரியையும் எதிர்த்தரப்பையும் விட்டால், சிரஸ்தாரும் நானும்தான். அப்போது மணி பதினொன்றே முக்கால். நான் ரிப்பனைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

ஜூனியர் அந்த இடத்தை விட்டுவிட்டு, நில எல்லை, வரி என்று வேறெதையெதையோ கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றே காலுக்கு மிராசுதார் இறங்கினார், சாப்பாட்டுக்கு எழுந்தோம்.

நான் டப்பாவைத் திறந்துகொண்டு வராந்தா ஓரத்தில் உட்கார்ந்தேன். தூணுக்கு அந்தப் பக்கம் மிராசுதார் காருக்காகக் காத்திருந்தார். கூட அவருடைய கணக்குப்பிள்ளை.

“பயந்தே போய்ட்டேங்க,” என்றார் கணக்குப்பிள்ளை. “ஆமான்னுடுவீங்களோன்னு.”

“கேட்டிருந்தா ஆமான்னுதான் சொல்லியிருப்பேன்.” சாதாரணமாகச் சொன்னார். “ஜானிகிட்ட அன்னிக்கு வரப்புல நின்னு என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியாதா? கற்பூரம் அணைச்சுட்டு வந்து நிக்கிறேன், பொய் சொல்லுவேனா? அவங்க கேட்டது நான் சொல்லாத ஒண்ணு. சொல்லலைன்னேன். கோர்ட்டு பாஷை நான் எங்கய்யா பேசினேன்?”

கையில் எடுத்த தயிர்சாதம் கையிலேயே இருந்தது. ஒரு கேள்வி போதும். எழுந்து நடந்தால் இருபது அடியில் ஜூனியர் நிற்கிறார். தம்பி, அவரைத் திரும்பக் கூண்டில் ஏற்றச் சொல்லு, இந்த வார்த்தையைக் கேளு என்று சொல்லியிருக்கலாம். நான் கணக்குப் போட்டேன். இரண்டு பெண் குழந்தைகள். வீட்டுக் கடனில் இன்னும் முப்பத்தோரு தவணை. சிரஸ்தார் என்ன சொல்வார். என் செங்கல் என்ன ஆகும். மிச்சச் சாதத்தையும் சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவினேன். தண்ணீர்க் குழாயில் இருக்கும்போது கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

இரண்டரைக்கு அதிகாரி உட்கார்ந்ததும் எழுந்து நின்றேன். காத்தமுத்து சொன்னது ஒன்று, நான் அடித்தது ஒன்று என்று சொன்னேன். அவன் சொன்னதை அவன் இங்கிலீஷிலேயே, கிம்மி, எய்ன்ட் எல்லாவற்றோடும் திருப்பிச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அதிகாரி கட்டைப் புரட்டி அந்தத் தாளை எடுத்தார். “சாட்சி படிக்கக் கேட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கான். எதிர்மனுதாரர் சாட்சியம் முடிஞ்சு ஆள் போயாச்சு. நீ யாருய்யா நடுவுல?” என்றார். மீண்டும் அழைக்கவேண்டும் என்று ஜூனியர் திக்கித் திணறிக் கேட்டார். மறுக்கப்பட்டது. சிரஸ்தார் என் பக்கம் திரும்பவே இல்லை.

மாதம் முடிவதற்குள் மெமோ வந்தது. சாட்சியத்தை மாற்றிப் பதிவு செய்ததாகத் தானே ஒப்புக்கொண்ட குற்றம். ஊரிலுள்ள எல்லா ஸ்டெனோவும் தினமும் செய்வதற்கு யாருக்கும் மெமோ கிடையாது. அதை வாய்விட்டுச் சொன்னதற்கு உண்டு. இதை நினைத்து நான் பல வருடம் பொருமியிருக்கிறேன். இப்போது பொருமுவதில்லை. பொருமவேண்டியவன் வேறொருவன்.

மனு தள்ளுபடி. அப்பீலிலும் அதே தாள்தான் போனது, அதே கதிதான். அப்பீல் போவதற்கு முன்பே அந்தச் சம்பாவைப் போலீஸ் காவலோடு மிராசுதாரின் ஆட்கள் அறுத்துவிட்டார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் ஒரு குரல்: “ஹலோ மிஸ்டர்!” காத்தமுத்து. மீன்பிடி துறையில் ஐஸ் பெட்டி தூக்கும் வேலை. டீக்கடைக்கு அவனே இழுத்துப்போனான். பன்னும் கேட்டான், காசு நான்தான் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான். நான் என்னவோ சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினான்.

“யூ ஸ்டுட் அப். ஐ ஸீன் இட்.” பன்னை டீயில் நனைத்தான். “ஒன்லி, த ஷிப் கான் ஆல்ரெடி.”

நீ எழுந்து நின்றாய், பார்த்தேன். ஆனால் கப்பல் போய்விட்டதே. அவன் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். இந்த முறை ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பஸ் வந்ததும் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்து, ஜன்னல் கம்பியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவனைப் பார்க்கவில்லை.

நீங்கள் இப்போது தமிழில் பதிவு செய்கிறீர்கள். ‘குடுத்தாரு’ என்பதைக் ‘கொடுத்தார்’ ஆக்கினால் யாருக்கும் நிலம் போகாது; செய்யுங்கள். ஆனால் சாட்சி ‘அவர் இப்படிச் சொன்னார்’ என்று இன்னொருவர் வாயைத் திறந்து காட்டும்போது உங்கள் விரலை நிறுத்துங்கள். அதற்குள்ளே இருப்பது சாட்சிக்கே சொந்தமில்லை. உங்களுக்கு எப்படிச் சொந்தமாகும்? கொச்சையோ, வசவோ, சினிமா இங்கிலீஷோ, வந்தது வந்தபடி அடியுங்கள். சொன்னவர் ஒருநாள் கூண்டில் ஏறும்போது அது தன் சொல்தான் என்று அவருக்கு அடையாளம் தெரிய வேண்டும். மேலதிகாரி முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பிசகு நடந்தது தெரிந்தால் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருக்காதீர்கள்.

எனக்குக் கிடைத்த தண்டனை ஓர் ஊதிய உயர்வு நிறுத்தம், திரண்ட விளைவுடன். அதாவது அந்த ஒரு படி சர்வீஸ் முடியும்வரை திரும்பக் கிடைக்காது. முதலில் மாதம் ஐந்து ரூபாய்தான். சம்பள விகிதம் மாற மாற, பஞ்சப்படி ஏற ஏற, அதுவும் வளர்ந்தது. ஓய்வு பெற்ற வாரம் உட்கார்ந்து மாதாமாதம் கூட்டினேன், பென்ஷன் குறைவைச் சேர்க்காமல். மூன்று தடவை சரிபார்த்தேன். நான் இரண்டரைக்கு எழுந்து நின்றதற்கு ஆன செலவு அது. பதினொன்றே முக்காலுக்கு, அந்த மனிதர் கூண்டில் இருக்கும்போதே எழுந்து நின்றிருந்தாலும் ஒரு காசு கூடவோ குறையவோ ஆகியிருக்காது: பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய், அறுபது காசு.